சண்டை போடக் கொடுத்த காசு

இறைச்சிச் சந்தையில் அவளைக் கொக்கி என்று சொன்னால்தான் தெரியும். கடைசி வரிசையில், ரத்தம் கழுவிய தண்ணீர் வந்து விழுகிற சாக்கடைக்கு முந்தின கடை அவளுடையது. அப்பா விட்டுப்போன கடை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே வந்து நின்றவள், நாற்பதைத் தாண்டியும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். தொங்குகிற ஆட்டை முதுகெலும்பு வழியாக இரண்டாகப் பிளப்பதற்கு மற்ற கடைக்காரர்கள் வியர்த்து வழிவார்கள். அவள் வெட்டரிவாளை ஓங்குவது தெரியும். அடுத்துப் பார்க்கும்போது இரண்டு பாதியும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருக்கும்.

கை அப்படி. வாய்தான் எழும்பாது. எடை குறைகிறது என்று யாராவது குரலை உயர்த்தினால், குறையவில்லை என்று சொல்ல மாட்டாள். இன்னொரு துண்டை எடுத்துத் தட்டில் போட்டுவிடுவாள். சண்டை என்று வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் கடைக் கோழிக்காரர் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர். உன் அரிவாளுக்கு இருக்கிற பேச்சில் கால்வாசி உனக்கு இருந்தால் இந்தச் சந்தையே உனதாகியிருக்கும் என்பார்.

வாய் எழும்பாததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவள் புருஷனுக்கு லாரி என்று பேர். முன்பு லாரி ஓட்டியவன் என்பது பாதிக் காரணம். எதிரே யார் நின்றாலும் மோதிவிட்டுத்தான் நிற்பான் என்பது மீதி. அடிப்பதற்குக் காரணம் தேடுகிற ஆள் இல்லை அவன்; கை போய் விழுந்த பிறகு காரணம் மெதுவாக வந்து சேரும். சாப்பாட்டில் உப்புக் குறைந்ததற்கு அடித்திருக்கிறான். உப்புச் சரியாக இருந்த நாளில், நேற்று ஏன் குறைந்தது என்று அடித்திருக்கிறான். கல்யாணமான புதிதில் அவள் ஒரு தடவை எதிர்த்துப் பேசினாள். அன்று காதில் விழுந்த அறையில் இடது காது இன்றைக்கும் ஈரத்துணியைப் பொத்தியது மாதிரிதான் கேட்கும். அதற்குப் பிறகு அவள் பேசுவதைவிடப் பார்ப்பதே நல்லது என்று முடிவு செய்துகொண்டாள். அவன் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கையில் தம்ளர் இருக்கிறது, செருப்பைக் கழற்றி வைத்தானா உதறினானா, எல்லாம் பார்ப்பாள்.

அவனுடைய தம்பி, அவளுக்குக் கொழுந்தன், மெக்கானிக். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டறை. எப்போதும் பின்பாக்கெட்டில் ஒரு ஸ்பானரைச் செருகிக்கொண்டிருப்பதால் அவனுக்கு ஸ்பானர் என்றே பேர் நின்றுவிட்டது. அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்ளாத மாதம் கிடையாது. வெளியாள் ஒருவன் குறுக்கே வந்தால் இருவரும் சேர்ந்து அவனை அடிப்பார்கள், பிறகு யார் அதிகம் அடித்தது என்று தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். மற்ற வீடுகளில் சாப்பிட்டாயா என்று கேட்கிற இடத்தில் இவர்கள் சட்டையைப் பிடிப்பார்கள்.

லாரி குடும்பத்தில் ஓடிய வண்டி எதுவும் ஸ்பானரின் கையைத் தவிர வேறு கையைப் பார்த்ததில்லை. அது அந்த வீட்டின் சட்டம். கடைக்கென்று ஒரு பழைய வேன் இருந்தது. அறுப்புக்கூடத்திலிருந்து ஆடுகளைத் தோலுரித்து ஏற்றி, கூரைக்கம்பியில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். அதில் பிரேக்குக்கு எண்ணெய் போகிற குழாய் துருப்பிடித்து ஒழுகியபோது ஸ்பானர் மாற்றிக் கொடுத்தான். புதுக் குழாய் என்றான். பட்டறைக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து கழற்றிய குழாய் அது என்பது, அறுப்புக்கூடத்துச் சரிவில் இறங்கும்போது தெரிந்தது.

லாரி மிதித்தான். மிதி தரையில் போய் இடித்தது. வேன் நிற்கவில்லை. சரிவின் அடியில் இருந்த கல்சுவர் கண்ணாடி நிறைய வந்தது. முன்னால் இருந்த எல்லாம் சட்டென்று நின்றது. பின்னால் தொங்கியவை நிற்கவில்லை. ஆடுகள் அத்தனையும் கொக்கியிலிருந்து பிய்த்துக்கொண்டு அவர்கள் முதுகில் வந்து விழுந்தன. காலியாக ஆடிக்கொண்டிருந்த ஒரு கொக்கி அவள் வலது தோளில் பின்பக்கம் ஏறி, முன்பக்கம் எட்டிப்பார்த்தது. ஓடிவந்து இறக்கின கூலிக்காரர்கள் முதலில் அவளையும் சரக்கோடு சேர்த்துத்தான் பார்த்தார்கள். கம்பியில் மாட்டியபடி, ஒரு பக்கம் தூக்கி, கால் எட்டாமல். ரத்தத்தில் எது ஆட்டுடையது, எது அவளுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. கத்தக்கூட இல்லை அவள். வாயைத் திறந்து வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

லாரிக்கு முன்பல் இரண்டு போனது. ஆஸ்பத்திரியில் வாய் வீங்கிப் படுத்திருந்தவன், மூன்றாம் நாள் எழுந்து நேரே பட்டறைக்குப் போனான். ஜாக்கிக் கம்பியை எடுத்துத் தம்பியின் தோள்பட்டை எலும்பை உடைத்தான். ஸ்பானரும் சும்மா இருக்கவில்லை, அண்ணனின் புருவத்தைப் பிளந்தான். போலீஸ் வந்தபோது இரண்டு பேரும் படியில் விழுந்துவிட்டோம் என்று ஒரே மாதிரி சொன்னார்கள். மாதம் திரும்புவதற்குள் ஒரே தட்டில் கை நனைத்தார்கள். அவளுடைய தோளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்பானர் ஒரு நாள் வாசலில் நின்று, "அந்தக் குழாய்க்கு நேரம் சரியில்ல அண்ணி" என்றான். அவள் தலையாட்டினாள். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தை அவளுக்கு அன்றிலிருந்து கொக்கி என்று பேர் வைத்தது. சந்தைக்கு ஈவிரக்கம் கிடையாது. ஆனால் வைக்கிற பேர் பொருத்தமாக இருக்கும்.

காயம் ஆறிக் கடை மறுபடி ஓடத் தொடங்கியதும் புது வேன் வாங்கினார்கள். பணம் கடையுடையது, அதாவது அவளுடையது. பேரும் அவள் பேரில்தான் பதிந்தது, லாரிக்குக் கையெழுத்துப் போட்டு நிற்கிற வேலையெல்லாம் பிடிக்காது என்பதால். ஷோரூமில் சாவியைக் கொடுத்த டை கட்டின பையன், கூடவே இன்னொன்றையும் சொன்னான். சர்வீஸ் பிளான் என்று ஒன்று இருக்கிறது. இப்போதே மொத்தமாகக் கட்டிவிட்டால் ஐந்து வருஷத்துக்கு வண்டியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். முதல் சர்வீசுக்கு முன்னால் சேர்ந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு சேர முடியாது.

லாரி சிரித்தான். பல் போன இடத்தில் காற்று விசிலடித்தது. "என் தம்பி செத்தா போயிட்டான்?" என்று கேட்டுவிட்டு, பையன் நீட்டிய அட்டையை வாங்கிப் பல்லிடுக்கைக் குத்தினான்.

அன்றைக்கே ஸ்பானர் வந்து வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பானட்டைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு, மாடு வாங்குகிறவன் மாதிரி அங்கே இங்கே தட்டினான். முதல் சர்வீசிலிருந்து தானே பார்த்துக்கொள்வதாகவும், ஒரு பைசா வேண்டாம் என்றும் சொன்னான். அவன் கை வைத்த இடத்திலெல்லாம் கறுப்பாக ரேகை படிந்தது. அவளுக்குத் தோள் வலித்தது.

அதற்குப் பிறகு, கறி வெட்டுகிற வெட்டுமரத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அவளுக்கு அதே யோசனை. பிளானுக்குப் பணம் கட்டுவதா, வேண்டாமா? கட்டினால் வீட்டில் ரத்தம் பார்க்காமல் முடியாது. தம்பியை ஒதுக்கிவிட்டாள் என்று லாரி கொதிப்பான். கட்டாவிட்டால் அறுப்புக்கூடத்துச் சரிவு இருக்கவே இருக்கிறது, தினமும் விடியலில்.

ஸ்பானர் கெட்டவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கைவேலை தெரிந்தவன்தான். பிறகு ஏன் அந்தத் துருக்குழாயைப் போட்டான்? அதற்குப் பதில் அவளுடைய வெட்டுமரத்திலேயே இருந்தது. சொந்தக்காரர்கள் கறி வாங்க வரும் நாளில், அவள் கையே தானாக ஒரு வேலை செய்யும். சவ்வும் எலும்பும் கொஞ்சம் கூடுதலாக அவர்கள் பொட்டலத்தில் விழும். பழைய பாதித் தொடையிலிருந்து ஒரு துண்டு அவர்களுக்குப் போகும். நல்லது, குரல் உயர்த்துகிற வெளியாளுக்குப் போகும். ஏனென்றால் சொந்தக்காரர்கள் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். கொண்டுவந்தால் உறவு கெட்டுவிடும். இது அவள் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் செய்கிறாள். ஸ்பானரும் அதைத்தான் செய்தான். அவன் போட்ட பொட்டலத்தில் குழாய் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு மத்தியானம் கடையைக் கோழிக்காரர் பார்வையில் விட்டுவிட்டு ஷோரூமுக்குப் போனாள். எதற்குப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். "உன் புருஷனுக்கு அப்படி ஒரு சர்வீஸ் பிளான் இருந்தா கேட்டுட்டு வா. நானும் பாதிக் காசு போடறேன்" என்றார்.

ஷோரூமில் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. தன் செருப்பிலிருந்து வரும் வாடை தனக்கே தெரிந்தது அவளுக்கு. டை கட்டின பையன் முகம் சுளிக்கவில்லை, அதற்கே அவளுக்குப் பாதி தைரியம் வந்தது. அவன் படபடவென்று ஒப்பித்தான். எல்லாம் அடங்கும், நிம்மதி, ஐந்து வருஷம், கவலையே வேண்டாம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எலும்போடவா தம்பி, எலும்பு இல்லாமலா?"

பையனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டான். பிறகு ஒப்பிப்பதை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னான். ஆயில், வடிகட்டிகள், வருஷத்துக்கு இரண்டு தடவை வண்டியைத் தூக்கி அடியிலிருந்து முழுக்கச் சோதிப்பது, கூலி, இவையெல்லாம் பிளானில் வரும். தேய்கிற சாமான் வராது: டயர், கிளட்ச், பிரேக் கட்டை. தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவார்கள். மாற்றுவதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். வண்டியை அதிகம் எடுக்காதவர்களுக்கு நஷ்டம்தான். தினமும் ஓட்டுகிறவர்களுக்குக் கட்டின பணமும் வெளியே செலவாகும் பணமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நிபந்தனையும் இருந்தது. வேறு பட்டறையில் எஞ்சினையோ ஆயிலையோ திறந்தால் பிளான் செல்லாது.

ஆக, பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. கணக்கு இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. வேலை நடக்கிற இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

பின்னால் போனால் அங்கேயும் அதே உலகம்தான். ஃபோர்மேன், வழுக்கைத்தலைக்காரர், நட்டை ஏன் முறுக்காமல் விட்டாய் என்று ஒரு மெக்கானிக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு அவன் பிடரியில் சப்பென்று ஒன்று வைத்தார். இங்கே காரணம் முன்னால் வருகிறது, கை பிறகுதான் வருகிறது என்று அவள் கவனித்தாள். அந்த அளவுக்கு வித்தியாசம்.

அவரிடம் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நீங்கள் பார்த்து அனுப்பின வண்டியில் பிரேக் பிடிக்காமல் போனால்?

ஃபோர்மேன் கையைத் துணியில் துடைத்தார். மூலையில் இருந்த ஒரு கண்ணாடி அறையைக் காட்டினார். நான்கு நாற்காலி, ஒரு மேசை, தண்ணீர்க் கூஜா.

"அந்த ரூம் எதுக்குன்னு நினைக்கறீங்க? சண்டை போடறதுக்குத்தாம்மா. தினம் யாராவது வந்து கத்துவாங்க. நாங்க நின்னு கேட்டுத்தான் ஆகணும். கேட்கலைன்னா என் வேலை போயிடும்."

அவள் அந்த அறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டை போடுவதற்கென்று தனியாக ஓர் அறையை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவள் வீட்டில் சண்டைக்கு எல்லா அறையும் இருந்தது, அவளுக்குப் பேசத்தான் இடம் இல்லை. திரும்பி வந்து பையனிடம் பிளானுக்குப் பணம் கட்டினாள்.

சாயங்காலம் லாரி சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். மறைத்து வைத்துப் பிறகு மாட்டிக்கொள்வதைவிட, அவன் வலது கை சோற்றில் இருக்கும்போது சொல்வது மேல் என்று கணக்குப் போட்டிருந்தாள். கணக்குத் தப்பியது. அவன் இடது கையால் தட்டை எடுத்து வீசினான். விளிம்பு அவள் உதட்டைக் கிழித்தது. எழுந்து வந்து, ஆறின தோளாகப் பார்த்துப் பிடித்து, சுவரில் சாத்தினான். சொந்தத் தம்பியின் வயிற்றில் அடித்தவள் என்றான். எந்தப் பயல் சொல்லிக்கொடுத்தான் என்று கேட்டான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி விழுந்தது. பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

அவன் மூச்சு வாங்க நின்ற இடைவெளியில் அவள் சொன்னாள். உதடு கிழிந்திருந்ததால் வார்த்தைகள் ரத்தத்தோடு வந்தன.

"உங்க தம்பி தப்பு பண்ணா நான் போய்க் கேட்க முடியாது. கேட்டா நீங்க அடிப்பீங்க. இவங்களை நான் கேட்கலாங்க. அதுக்குத்தான் கட்டினேன்."

அவன் அதற்கும் அடித்தான். ஆனால் அந்த அடி கொஞ்சம் தாமதமாக வந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

லாரியின் வாயில் எது தங்கும்? விடிவதற்குள் பட்டறைக்குச் செய்தி போய்விட்டது, நிபந்தனையும் சேர்த்து. சந்தை சூடு பிடிக்கிற நேரத்தில் ஸ்பானர் வந்தான். பின்பாக்கெட் ஸ்பானர் கையில் இருந்தது. வேன் அவள் கடைக்கு முன்னால், சாக்கடையை நோக்கித் தரை சரிகிற இடத்தில் நின்றிருந்தது. வந்த வேகத்தில் முன்விளக்கை உடைத்தான். கண்ணாடிச் சில்லு கோழிக்காரரின் கூண்டுவரை தெறித்தது. கறி வாங்க வந்தவர்கள் ஒதுங்கினார்கள். கொக்கி வெட்டுமரத்துக்குப் பின்னால் அரிவாளோடு அசையாமல் நின்றாள்.

"என் கை அழுக்கா அண்ணி? டை கட்டினவன் கைதான் கையா? நான் கை வெச்சா பிளான் செல்லாதாமே. இப்ப வைக்கறேன், பாருங்க."

அவன் நினைத்தது எளிது. அடியில் நுழைந்து ஆயில் இறக்குகிற போல்ட்டைக் கழற்றிவிட்டால், எண்ணெய் மொத்தமும் சாக்கடைக்குப் போகும், பிளானும் கூடவே போகும். வேன் தாழ்வானது. ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினான். சந்தைக்காரர் ஒருவரும் அந்த இடத்தில் ஜாக்கி போட மாட்டார்கள். எத்தனை வருஷத்துக் கொழுப்பு அந்தச் சிமெண்டில் ஊறியிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்; கழுவினாலும் போகாது, கழுவினால்தான் இன்னும் வழுக்கும். கோழிக்காரர் அங்கே வேண்டாம் என்று கத்தினார். அந்த வீட்டு ஆண்களிடம் ஒன்றை வேண்டாம் என்பதும், செய் என்பதும் ஒன்றுதான். ஸ்பானர் மல்லாந்து படுத்து, தூக்கின சக்கரத்துக்குக் கீழே இடது கையை ஊன்றி, உள்ளே நகர்ந்தான். லாரி அப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்து, தம்பி செய்வதைப் பார்த்து, தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

உள்ளே போல்ட்டில் அவன் கையிலிருந்த ஸ்பானர் உட்கார்கிற சத்தம் கேட்டது. அவன் மூச்சைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். போல்ட் அசையவில்லை. வண்டிதான் அசைந்தது. ஜாக்கியின் அடி கொழுப்பில் வழுக்கி ஓரமாகப் பாய்ந்தது. சக்கரம் இறங்கியது.

எலும்பு உடைகிற சத்தம் அந்தச் சந்தைக்குப் புதிதல்ல. ஆனாலும் அத்தனை அரிவாள்களும் ஒரே நேரத்தில் நின்றன. மணிக்கட்டுக்கு மேல் சக்கரம் ஏறி உட்கார்ந்திருந்தது. கைப்பிரேக் பிடித்துக்கொண்டிருந்ததால் வேன் அதே இடத்தில் நின்றது. பிடிக்காமல் போயிருந்தால் அந்தச் சரிவில் நெஞ்சின் மேலேயே உருண்டிருக்கும். ஸ்பானரின் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

அந்த வாயை அவளுக்குத் தெரியும். கம்பியில் மாட்டித் தொங்கியபோது தன் வாய் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு மூச்சு நேரம் அவள் நகரவில்லை. இருக்கட்டும் என்று நினைத்தாள். அந்தக் கைதான் குழாயைப் போட்டது, கொஞ்சம் இருக்கட்டும். லாரி ஓடிவந்து வேனைத் தோளால் முட்டினான், தூக்க வந்த கூலிக்காரனைப் பிடித்துத் தள்ளினான், யாரை அடிப்பது என்று தெரியாமல் பானட்டையே குத்தினான். முட்டமுட்ட வேன் தம்பியின் கை மேல் ஆடியது.

அந்த ஒரு மூச்சு நேரம் முடிந்தது. அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். வெட்டுமரத்தைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்து சக்கரத்தை ஒட்டி நிறுத்தினாள். ஆடு தொங்கவிடும் இரும்புத் தடியை உருவி, மரத்தின் மேல் வைத்து, நுனியை வேனின் அடிச்சட்டத்தில் கொடுத்தாள். நல்ல தோளைக் கொடுத்து அழுத்தினாள். கோழிக்காரரும் இரண்டு கூலிக்காரர்களும் கூட வந்து தொங்கினார்கள். சக்கரம் எழும்பியது. லாரி தம்பியைக் காலைப் பிடித்து இழுத்தான். கை வந்தது, கையின் வடிவத்தில் வரவில்லை. அவள் தன் முந்தானையைக் கிழித்து முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நிற்கிற அளவுக்குத் துணியை எப்படி இறுக்குவது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். போலீசிடம் லாரி, வழுக்கி விழுந்துவிட்டான் என்றான்.

தம்பியின் கை போன பிறகு வேறு வழி இல்லாமல், முதல் சர்வீசுக்கு லாரிதான் ஓட்டிக்கொண்டு வந்தான். ஃபோர்மேன் வண்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார். ஆயில் போல்ட்டில் ஸ்பானர் போட்ட கீறல் இருக்கிறது, வெளியாள் கை வைத்திருக்கிறான், பிளான் செல்லாது. மன்னிக்க வேண்டும், அவர் கையில் ஒன்றும் இல்லை.

எப்போதும் போல அவள் நாக்கு மேலே போய் ஒட்டியது. இன்னொரு துண்டு எடுத்துத் தட்டில் போடுகிற பழக்கம் கைக்கு வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். வீங்கி ஆறின உதட்டை நாக்கால் தடவினாள். தழும்பு தட்டுப்பட்டது. அவள் ஃபோர்மேனைத் தாண்டி நடந்து, அந்தக் கண்ணாடி அறைக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பின்னாலேயே வர வேண்டியிருந்தது.

"கீறல் இருக்கு. திறக்கல. திறந்திருந்தா எந்த எண்ணெயில இந்த வண்டி இங்க ஓடி வந்துச்சு? மறுபடி அடியில போய்ப் பாருங்க. போல்ட் ஒரு நூல் திரும்பியிருந்தா நான் எழுந்து போயிடறேன். பார்க்காம செல்லாதுன்னு சொன்னா போக மாட்டேன். எண்ணெய் மாத்தறதுக்கு மட்டும் நான் காசு கட்டல. நான் கேட்டா நீங்க நின்னு பதில் சொல்றதுக்கும் சேர்த்துத்தான் கட்டினேன்."

முதல் வாக்கியம் அறைக்குள் இருந்தவருக்கே சரியாகக் கேட்டிருக்காது. கடைசி வாக்கியத்துக்கு ஷோரூமில் கார் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய கெட்ட காதுக்கே அந்தக் குரல் கேட்டது. மேசையில் தட்டினாள் போலிருக்கிறது, கூஜாவில் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு லாரி வந்தான். ஆம்பளைகள் இருக்கிற இடத்தில் பெண்டாட்டி கத்துகிறாள் என்பதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. கை மேலே போயிற்று. அவள் குரலைத் தணிக்கவில்லை, முகத்தைத்தான் திருப்பினாள்.

"கையை இறக்குங்க. நான் பேசிட்டு இருக்கேன்."

கை அங்கேயே நின்றது. திருந்திவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலைந்து மெக்கானிக்குகள் கருவியும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவன் கதவுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தும் விட்டான். கை இறங்கிப் போய் சட்டைப் பாக்கெட்டில் எதையோ தேடுவது மாதிரி பாவனை செய்தது.

ஃபோர்மேன் மறுபடி அடியில் போனார். கொஞ்ச நேரம் டார்ச் வெளிச்சம் அங்கேயே நின்றது. வெளியே வந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, திரும்பவில்லைதான் என்று முனகினார். வண்டியைச் சர்வீசுக்கு எடுத்துக்கொண்டார்கள். உடைந்த விளக்கு பிளானில் வராது என்று டை கட்டின பையன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அது தெரியும் தம்பி, அது எங்கள் வீட்டுத் தேய்மானம் என்றாள்.

மறுநாள் விடியலில் அறுப்புக்கூடத்துச் சரிவு வந்தது. பின்னால் ஆடுகளும் காலிக் கொக்கிகளும் ஆடின. சரிவின் பாதியில் லாரி பிரேக்கை அழுத்தினான். எல்லாம் சேர்ந்து முன்னால் வந்து, புது வேனில் அவள் கழுத்துக்குப் பின்னால் அடித்திருந்த கம்பிவலையில் மோதி, திரும்பிப் போயின. வேன் நின்றது. கல்சுவரில் பழைய மோதலின் வெள்ளைத் தழும்பு அப்படியே இருந்தது.

"பிடிக்குது" என்றான், அவளைப் பார்க்காமல்.

"பிடிக்கலைன்னா போய்க் கேட்பேன்."

அவன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். ஸ்டியரிங்கில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி முஷ்டியாவதை அவள் பார்த்தாள். தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பார்த்தாள். இந்தத் தடவை அவளுடைய தோள் கதவுப் பக்கம் ஒடுங்கவில்லை.

"ரோட்டைப் பாருங்க" என்றாள், நேற்றுக் கண்ணாடி அறையில் இருந்த அதே குரலில்.